வீடு உயர்ந்ததா? லூசியானா ‘ரோடு ஹோம்’ மானியத் தணிக்கை: ஒரு நிகழ்வு ஆய்வு

2013 மார்ச்சில் அமெரிக்க வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. கத்ரீனா, ரீட்டா புயல்களில் வீட்டைப் பறிகொடுத்த லூசியானா மக்களில் பலர், இனி வெள்ளம் ஏறாத உயரத்துக்கு வீட்டைத் தூக்கி நிறுத்துவதற்கென்று ‘ரோடு ஹோம்’ என்ற மாநிலத் திட்டத்தில் தனியாக ஒரு மானியம் வாங்கியிருந்தார்கள். அவர்களில் 24,042 பேர் வீட்டை உயர்த்தினார்கள் என்பதற்கு அத்தாட்சி இல்லை, 69.85 கோடி டாலர் வரை கேள்விக்குள்ளாகிறது என்றது அறிக்கை. பத்திரிகைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வாங்கிய பணத்தை வேறு எதற்கோ செலவழித்துவிட்டார்கள் என்ற பேச்சு அன்றே பரவிவிட்டது.

அந்த ஆட்சேபணை சரியானது என்றே நினைக்கிறேன். பொதுப்பணம் ஒரு காரியத்துக்காகக் கொடுக்கப்பட்டது, அந்தக் காரியம் நடந்ததா என்று கேட்பது தணிக்கையின் முதல் கடமை. ஆனால் அந்தக் கேள்வி கடைசியில் யார் வாசலில் போய் நின்றது என்பதில்தான் பிழை. பணத்தை எப்படிக் கொடுப்பது என்று அரசு அலுவலகங்கள் 2006, 2007-இல் எடுத்த சில முடிவுகளுக்கான கணக்கை, பத்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் வீட்டுக்காரர்களிடம் கேட்டார்கள். மானியத் தணிக்கையில் இருப்பவர்களும், பேரிடர் நிவாரணத் திட்டம் வகுப்பவர்களும் இந்த வழக்கை ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பணம் வந்த வழி

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காத்து நின்ற கரைகளும் வெள்ளத் தடுப்புச் சுவர்களும் உடைந்து, நகரின் ஏறத்தாழ 80 சதவீதம் நீரில் மூழ்கியது. அடுத்த மாதமே ரீட்டா புயல் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியை அடித்துப்போட்டது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட நேரத்தில் உடனடி உதவியை ஃபீமா எனப்படும் பேரிடர் மேலாண்மை முகமை தருகிறது. வீடு கட்ட நீண்டகாலப் பணம் வேறு வழியில் வரும். நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு நிதி ஒதுக்கும், மேலே சொன்ன வீட்டுவசதித் துறை, சுருக்கமாக ‘ஹட்’, அதை மாநிலத்துக்குத் தொகுப்பு மானியமாகக் கொடுக்கும், மாநிலம் திட்டம் தீட்டி மக்களுக்குக் கொடுக்கும். 2005 டிசம்பர், 2006 ஜூன், 2007 நவம்பர் என மூன்று தவணைகளில் லூசியானாவுக்கு மொத்தம் 1,340 கோடி டாலர் கிடைத்தது. இதில் பெரும்பங்கு போனது சொந்த வீட்டுக்காரர்களுக்கான ‘ரோடு ஹோம்’ திட்டத்துக்கு. ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ காலத்தில் தொடங்கியது அது. முடிவில் 1,30,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஏறத்தாழ 900 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன் இவ்வளவு பெரிய வீட்டு மீட்புத் திட்டம் நடந்ததில்லை.

திட்டத்தை நடத்த மாநிலத்திடம் ஆட்கள் இல்லை. ஐசிஎஃப் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்துக்கு 2006-இல் 75.6 கோடி டாலர் ஒப்பந்தம் போனது. விண்ணப்பம் வாங்குவது, வீட்டைப் பார்ப்பது, தொகையைக் கணக்கிடுவது, பத்திரம் முடிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

ஒரு வீட்டுக்கு உச்சவரம்பு 1,50,000 டாலர். புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு, அல்லது சேதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொண்டு, காப்பீட்டிலும் ஃபீமாவிலும் வந்ததைக் கழித்து மிச்சத்தைத் தருவார்கள். ஒரே நட்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது என்று பேரிடர் உதவிக்கான ஸ்டாஃபர்ட் சட்டம் சொல்வதால் இந்தக் கழித்தல். தணிக்கையாளர்கள் இந்தக் கழித்தலைப் பல கோப்புகளில் மிக நுணுக்கமாகச் சரிபார்த்தார்கள். அதற்கு மேலே இருக்கும் ‘எது குறைவோ’ என்பதை ஒரு கோப்பிலும் யாரும் ஆட்சேபிக்கவில்லை, ஏனென்றால் அது அங்கீகரிக்கப்பட்ட விதி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2007 மார்ச்

இந்த வழக்கின் முடிச்சு விழுந்தது இங்கேதான்.

லூசியானா முதலில் எழுதிய திட்டத்தில் பணத்தை மொத்தமாகக் கையில் கொடுப்பதாக இல்லை. ஒரு பொறுப்புக் கணக்கில் போட்டு வைத்து, வேலை நடக்க நடக்க விடுவிப்பதாக இருந்தது. நம் ஊர்த் தொகுப்பு வீட்டுக்குப் பேஸ்மட்டம், லிண்டல் மட்டம், ரூஃப் மட்டம் என்று ஓவர்சியர் வந்து படம் எடுத்துப்போன பிறகு பில் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. தாமதமாகும், அலைச்சல், சில இடங்களில் கையூட்டும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு தேதி, ஒரு கையெழுத்து, ஒரு படம் கோப்பில் சேர்ந்துவிடும். பிறகு வரும் தணிக்கையாளருக்குக் கேள்வி கேட்க ஏதாவது இருக்கும், வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லவும் ஏதாவது இருக்கும்.

ரோடு ஹோமில் தாமதம் தாங்க முடியாததாகிப் போனது. 2007 ஜனவரியில் சுமார் 90,000 விண்ணப்பங்கள் குவிந்து கிடந்தன, பணம் கைக்கு வந்தவர்கள் சில நூறைத் தாண்டவில்லை. வாடகை வீட்டிலும் ஃபீமா கொடுத்த டிரெய்லரிலும் ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். ஒப்பந்த நிறுவனத்தை நீக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றத்திலேயே குரல் எழுந்திருந்தது. பக்கத்து மிசிசிப்பியில் அதே மானியத்தை நட்டஈடாக மொத்தமாகக் கொடுத்து முடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில், 2007 மார்ச்சில், ஹட் ஒரு முட்டுக்கட்டை போட்டது. பணத்தைத் தவணையாகப் பிடித்துவைத்து, கட்டுமானத்தோடு இணைத்து விடுவித்தால் அது நட்டஈடு ஆகாது, வீட்டுச் சீரமைப்புத் திட்டம் ஆகிவிடும். சீரமைப்பு என்றால் வீட்டுக்கு வீடு சுற்றுச்சூழல் ஆய்வு உள்ளிட்ட கூட்டாட்சி விதிகள் எல்லாம் வந்து சேரும். ஒரு லட்சத்துக்கும் மேலான வீடுகளுக்கு அது நடக்கிற காரியம் இல்லை. மாநிலம் உடனே திட்டத்தை மாற்றியது. இனி நட்டஈடு, மொத்தத் தொகை ஒரே தடவையில். வீட்டைக் கட்டுவதும் கட்டாததும் உரிமையாளர் பாடு. மூன்று ஆண்டுக்குள் அதில் குடியிருக்க வேண்டும், வெள்ளக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை மட்டும் நிலத்தோடு ஒட்டிய உறுதிப் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கு அது மனிதாபிமானமான முடிவு. மக்கள் கைக்குப் பணம் போனது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த முடிவோடு சேர்த்து ஒரு பொருத்தமில்லாத உறுப்பையும் தொடர்ந்து வைத்துக்கொண்டார்கள். அதுதான் வீட்டை உயர்த்தும் ஊக்கத் தொகை.

முப்பதாயிரம் டாலரும் மூன்று ஆண்டும்

வீட்டை உயர்த்துவது என்றால் என்ன என்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அது தெரியாமல் இந்த ஆட்சேபணையின் கனம் புரியாது. நியூ ஆர்லியன்ஸின் பழைய மர வீடுகள் செங்கல் தூண்கள் மேல் நிற்பவை. அடியில் இரும்பு உத்தரங்களைச் செருகி, ஹைட்ராலிக் ஜாக்கிகளை வரிசையாக வைத்து, எல்லா மூலையும் ஒரே சீராக ஏறும்படி அங்குலம் அங்குலமாகத் தூக்குவார்கள். கீழே மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கித் தாங்கிக்கொண்டே போய், பிறகு புதுத் தூண் கட்டுவார்கள். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சாரம், எரிவாயு எல்லாவற்றையும் துண்டித்துத் திரும்ப இணைக்க வேண்டும். வாசற்படி புதிதாக வேண்டும். பிற்காலத்துக் கான்கிரீட் தளத்து வீடுகளுக்கு வேலையும் செலவும் இன்னும் கூடும், தளத்தோடு சேர்த்துத் தூக்க வேண்டும். எவ்வளவு உயரம் என்பதற்கு ஃபீமா 2006-இல் வெளியிட்ட ஆலோசனை மட்டம் இருந்தது. வெள்ள மட்டம், அல்லது தரையிலிருந்து குறைந்தது மூன்றடி, இதில் எது அதிகமோ அது.

இதற்கு ரோடு ஹோம் கொடுத்தது ஒரு வீட்டுக்கு 30,000 டாலர் வரை. சுமார் 32,000 பேருக்கு 94 கோடி டாலர் அளவுக்குப் போனது. பல வீடுகளில் உண்மைச் செலவு இதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. பணம் வேலைக்கு முன்பே, முழுதாக, கையில் வந்தது. பதிலுக்கு ஓர் ஒப்பந்தம். மூன்று ஆண்டுக்குள் வீட்டை உயர்த்துகிறேன், இல்லையென்றால் திருப்பித் தருகிறேன்.

இப்போது பெறுபவரின் இடத்திலிருந்து பாருங்கள். அடிப்படை மானியம் அவருக்குப் போதவில்லை. வீட்டுக்குக் கூரை இல்லை, சுவர்ப்பலகைகளில் பூசணம் ஏறிக் கிடக்கிறது. கையில் முப்பதாயிரம் வருகிறது. அது தனிக் கணக்கில் இல்லை, தவணையில் இல்லை, யாரும் வந்து பார்ப்பதாகவும் இல்லை. கூரை போடாத வீட்டைத் தூக்கி என்ன செய்வது? ரிப்பேருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று திட்ட அலுவலர்களே வாய்மொழியாகச் சொன்னார்கள் என்று ஏராளமான வீட்டுக்காரர்கள் பின்னால் கூறினார்கள். வாய்மொழிக்குக் கோப்பு கிடையாது. முன்பணம் கொடுத்த கான்ட்ராக்டர் காணாமல் போன கதைகளும் அந்த நகரில் ஏராளம்.

நட்டஈடு என்பது நடந்துபோன இழப்புக்குத் தருவது, அதை எப்படிச் செலவழித்தாய் என்று கேட்பதில்லை. உயர்த்தும் தொகையோ இனி நடக்க வேண்டிய கட்டுமானத்துக்கு. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே கத்தைக் காகிதங்களில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். நட்டஈட்டுக்கு உரிய விநியோக முறையில் கட்டுமான மானியத்தை அனுப்பியதுதான் மூலக்காரணம். 24,042 என்ற எண்ணிக்கை அன்றே எழுதப்பட்டுவிட்டது.

தணிக்கையாளர்கள் பார்த்தது

தலைமை ஆய்வாளர் அலுவலகம் சும்மா இருக்கவில்லை. 2008 ஜனவரியிலேயே ஓர் அறிக்கை வந்தது. தகுதியில்லை என்று கணினியில் குறியிடப்பட்ட அல்லது தகுதியே நிர்ணயிக்கப்படாத 418 மானியங்களுக்குப் பணம் போயிருந்ததை அது கண்டுபிடித்தது. அதே ஆண்டு வந்த இன்னோர் அறிக்கை, திட்டத்திலேயே வேலை பார்த்த ஊழியர்களுக்குப் போன, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான கூடுதல் நட்டஈட்டு மானியங்களில் தகுதி உறுதிசெய்யப்படவில்லை என்றது. இவை வழக்கமான, பயனுள்ள தணிக்கை. பதிவேட்டுக்கும் பட்டுவாடாவுக்கும் இடையே ஒப்பிட்டுப் பார்த்தால் அகப்படுபவை.

உயர்த்தும் மானியத்தை அப்படிக் காகிதத்தில் பிடிக்க முடியாது. 2010 மார்ச்சில் வந்த அறிக்கைக்காக ஆய்வாளர்கள் தெருவில் இறங்கினார்கள். 199 வீடுகளை மாதிரியாக எடுத்து நேரில் போய்ப் பார்த்தார்கள். 158 வீடுகள் உயரவில்லை. 79 சதவீதம். இந்த ஒரு வேலைக்காக அந்தக் குழுவை நான் மனமாரப் பாராட்டுவேன். மானியத் தணிக்கையில் பாதிப் பேர் பயன்பாட்டுச் சான்றிதழைப் பார்த்துத் திருப்தியடைந்து எழுந்துவிடுகிறோம். தூண் புதிதா, படிகள் எத்தனை, பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டால் தரை எவ்வளவு மேலே இருக்கிறது என்று தெருவில் நின்று பார்த்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைக்கும் கேள்வி இது. சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்ற சர்வேயர் கொடுக்கும் உயரச் சான்றிதழைக் கேட்கலாம்.

அந்த நேரத்தில் பலருக்கு மூன்று ஆண்டுக் கெடு முடிந்திருக்கவில்லை. அதனால் 2010 அறிக்கை ஓர் எச்சரிக்கை மணி. அந்த மணி அடித்தபோது திட்டத்தைத் திருத்தியிருக்கலாம். எத்தனை பேர் அந்தப் பணத்தை ரிப்பேருக்குப் போட்டார்கள், ரசீது கையில் இருக்கும்போதே கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்ட நேரம் பிந்திப்போனது.

2013 அறிக்கை 2012 ஆகஸ்ட் 31 வரையிலான மாநிலத்தின் சொந்தப் பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. அந்த 24,042 பேரில் மூன்று வகையினர் கலந்திருந்தார்கள். வீட்டை உயர்த்தவில்லை என்று தெரிந்தவர்கள் ஒரு வகை. கடிதத்துக்குப் பதிலே போடாதவர்கள் இன்னொரு வகை. பதில் போட்டும் ஆவணம் போதாதவர்கள் மூன்றாம் வகை. 69.85 கோடியை 24,042-ஆல் வகுத்தால் தலைக்கு 29,000 டாலர் சொச்சம் வருகிறது. அதாவது ஏறக்குறைய ஒவ்வொருவரின் முழுத் தொகையும் இந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது.

தணிக்கை மொழியில் தகுதியற்ற செலவு வேறு, ஆதாரமற்ற செலவு வேறு. ஹட் தணிக்கை அறிக்கைகளின் பின்னிணைப்பில் இவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்களே உண்டு. தகுதியற்றது என்றால் விதி மீறப்பட்டுவிட்டது, பணம் திரும்ப வேண்டும். ஆதாரமற்றது என்றால் சரியா தவறா என்று இப்போது சொல்ல முடியவில்லை, ஆவணம் கொண்டுவந்தால் தீர்ந்துவிடும். ‘வரை’ என்ற சொல்லை அறிக்கை கவனமாகத்தான் போட்டிருந்தது. ஆனால் ஒரே தொகையாகத் தலைப்பில் வந்த பிறகு அந்த வேறுபாட்டை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? முகவரி மாறிப்போனதால் கடிதம் கிடைக்காதவரும், பணத்தை வேறு வழியில் போக்கியவரும் ஒரே வரியில் நின்றார்கள். வீடு இழந்து ஊர் மாறிய மக்களிடம் பழைய முகவரிக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்று குறிப்பெழுதுவதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதை எந்தத் தணிக்கைப் பாராவும் கேட்கவில்லை.

தணிக்கை தொடாத இடம்

‘எது குறைவோ’ என்ற விதிக்குத் திரும்புகிறேன். கணக்குக்காக இரண்டு வீடுகளை வைத்துக்கொள்வோம். இரண்டும் 1,200 சதுர அடி, இரண்டும் முழுக்கச் சேதம். சதுர அடிக்கு 130 டாலர் என்று திட்டம் வைத்திருந்த விலையில் திரும்பக் கட்ட 1,56,000 டாலர் ஆகும். இரண்டு பேருக்கும் காப்பீட்டில் 40,000 வந்திருக்கிறது. கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் இருக்கும் வீட்டின் சந்தை மதிப்பு 60,000, வெள்ளையர் பகுதியில் இருப்பதன் மதிப்பு 1,50,000. முதல் குடும்பத்துக்குக் கிடைப்பது 20,000. இரண்டாவது குடும்பத்துக்கு 1,10,000. மரமும் ஆணியும் கொத்தனார் கூலியும் இருவருக்கும் ஒன்றுதான். நிலமதிப்பில் தலைமுறைகளாக இருந்து வந்த ஏற்றத்தாழ்வை மானியச் சூத்திரம் அப்படியே நகலெடுத்துக் கொடுத்தது.

நியூ ஆர்லியன்ஸின் வீட்டுரிமை நீதி அமைப்பு ஒன்றும் தேசிய அளவிலான இன்னோர் அமைப்பும் சில வீட்டுக்காரர்களும் 2008 நவம்பரில் ஹட் மீதும் மாநிலத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். மாநிலம் நடுவில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான கூடுதல் மானியத்தின் 50,000 டாலர் உச்சவரம்பை நீக்கியது. 2011 ஜூலையில் 6.2 கோடி டாலர் கூடுதல் உதவியோடு வழக்கு சமரசமானது. 2022 டிசம்பரில் புரோபப்ளிகா செய்தி நிறுவனம், டைம்ஸ்-பிகயூன் நாளிதழ், டபிள்யூடபிள்யூஎல் தொலைக்காட்சி மூன்றும் சேர்ந்து பழைய தரவுகளைத் திரும்ப ஆராய்ந்தன. மானியம், காப்பீடு, ஃபீமா எல்லாம் போக, நகரின் மிக ஏழ்மையான பகுதிகளில் திரும்பக் கட்டும் செலவில் 30 சதவீதத்தை மக்களே போட வேண்டியிருந்தது. வசதியான பகுதிகளில் 20 சதவீதம்.

இதையும் உயர்த்தும் மானிய ஆட்சேபணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடிப்படை மானியத்தில் பள்ளம் விழுந்த குடும்பம் எந்தப் பணத்தை எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பும்? கைக்கு எட்டிய அந்த முப்பதாயிரத்தைத்தான். ஒரு தணிக்கைக் கண்டுபிடிப்பின் காரணம் என்ற பகுதியில் இது எழுதப்பட்டிருக்க வேண்டும். விதி என்ன, நிலைமை என்ன, காரணம் என்ன, விளைவு என்ன என்று நான்கும் சேர்ந்தால்தான் ஒரு பாரா. நாம் பெரும்பாலும் விதியையும் நிலைமையையும் நன்றாக எழுதுகிறோம், காரணத்துக்குக் ‘கண்காணிப்புக் குறைபாடு’ என்று ஒற்றை வரி போட்டு முடித்துவிடுகிறோம்.

பட்டா விஷயமும் இதில் சேரும். நகரின் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் பாட்டன் பெயரில் இருக்கும் வீடுகள் நிறைய. வாரிசுகள் பெயருக்கு மாற்றாமலே மூன்று தலைமுறை குடியிருந்திருக்கிறது. மானியத்துக்குத் தெளிவான உரிமை ஆவணம் வேண்டும். அது இல்லாதவர்கள் வரிசையில் பின்னுக்குப் போனார்கள், சிலர் வரிசைக்கே வரவில்லை. வராதவர்களுக்குக் கோப்பு இல்லை. மானியத் தணிக்கை கொடுத்த பணத்தைப் பார்க்கும், கொடுக்காமல் விட்ட பணத்தைப் பார்ப்பதில்லை.

வாடகைக்கு இருந்தவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு ரோடு ஹோமில் நேரடியாக ஒன்றும் கிடையாது. சிறு வாடகைக் கட்டடங்களின் உரிமையாளர்களுக்கு ஒரு துணைத் திட்டம் இருந்தது. அங்கே நேர் எதிரான முறையில் முதலில் சொந்தக் காசில் கட்டி முடித்து, குடிவைத்த பிறகே பணம் என்றார்கள். சிறு உரிமையாளர்களுக்கு வங்கி கடன் கொடுக்கவில்லை. வேலை நகரவில்லை, பிறகு முன்பணம் தரும்படி திட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸில் வீடற்று மேம்பாலங்களுக்கு அடியில் கூடாரம் போட்டவர்கள் எண்ணிக்கை புயலுக்கு முன் இருந்ததைவிடப் பெருகியது. ஒரே மாநிலம், ஒரே மானியம். ஒரு பக்கம் கேள்வி கேட்காமலே முழுத் தொகை, இன்னொரு பக்கம் கட்டி முடித்தால்தான் தொகை.

வசூல்

2013 அறிக்கைக்குப் பிறகு ஹட், மாநிலத்திடம் திருப்பிக் கேட்கும் நிலை வந்தது. மாநிலம் மக்களிடம் கேட்க வேண்டும். அந்த ஜூலையில் ஹட் ஒரு தளர்வு கொடுத்தது. உயர்த்தும் பணத்தை வீட்டு ரிப்பேருக்குச் செலவழித்ததாக நிரூபித்தால் ஏற்றுக்கொள்ளலாம். நல்ல முடிவு, ஆயிரக்கணக்கானோர் அதனால் விடுபட்டார்கள். ஆனால் நிரூபிக்க ரசீது வேண்டும். 2007-இல் பிளம்பருக்கும் தச்சருக்கும் ரொக்கமாகக் கொடுத்ததற்கு 2013-இல் எங்கே போய் ரசீது தேடுவது? அப்போது ரசீது வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தால் வைத்திருப்பார்கள். நட்டஈடு என்று சொல்லிக் கொடுத்த பணத்துக்கு யார் ரசீது சேர்த்து வைப்பார்கள்?

மிஞ்சியவர்கள் மீது மாநிலம் வழக்குப் போட்டது. சுமார் 3,500 குடும்பங்கள். முப்பதாயிரம் டாலரைச் சுற்றிய கோரிக்கைகள். வழக்குக்கு உள்ளானவர்களில் முதியவர்கள் இருந்தார்கள், வீட்டை இழந்துவிடுவோமோ என்று பயந்தவர்கள் இருந்தார்கள், தங்கள் மீது தீர்ப்பு வந்திருப்பதே தெரியாதவர்களும் இருந்தார்கள். மேலே சொன்ன மூன்று ஊடகங்களும் இதை வெளியே கொண்டுவந்த பிறகு, 2023 பிப்ரவரியில், ஹட்டும் மாநிலமும் உடன்பாட்டுக்கு வந்தன. மாநிலம் 3.25 கோடி டாலர் கட்டுவது, வழக்குகளைக் கைவிடுவது, ரோடு ஹோம் திட்டத்தை மூடுவது என்று முடிவானது. கேள்விக்குள்ளான 69.85 கோடி டாலரில் இருந்து பத்தாண்டு கழித்து அந்த உடன்பாட்டில் நின்ற தொகை அது. நடுவில் வக்கீல் செலவு, கோப்பு மறுபரிசீலனை, முதியவர்களின் தூக்கம்.

ரெக்கவரி போடு என்று எழுதுவது தணிக்கையாளருக்கு எளிது. யாரிடம் என்பதையும் எழுத வேண்டும். தொகுப்பு மானியத்தில் பெறுநர் மாநிலம், குடிமக்கள் பயனாளிகள். மாநிலம் தன் கட்டுப்பாட்டுக் குறைபாட்டுக்குத் தன் நிதியிலிருந்து கட்ட வேண்டுமா, பயனாளியிடம் வசூலித்துக் கட்ட வேண்டுமா என்பதை ஆட்சேபணையிலேயே பிரித்திருந்தால், 3,500 வழக்குகளில் பெரும்பாலானவை பிறந்திருக்காது என்பது என் கருத்து. மோசடி செய்தவர் மீது குற்றவழக்கு போடலாம், தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்கு அதற்கென்று தனிப் புலனாய்வுப் பிரிவே இருக்கிறது. அரசு சொன்னதை நம்பிக் கூரை போட்டவரையும் அதே தராசில் ஏற்றக் கூடாது.

அடுத்த புயல்களில்

ஹட் இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டது. 2012-இல் வந்த சாண்டி புயலுக்கான நிதி அறிவிப்பில் நட்டஈட்டு வகையையே தடைசெய்தது. நியூயார்க், நியூஜெர்சி திட்டங்கள் கட்டுமானத்தோடு இணைந்த பட்டுவாடாவுக்குப் போயின. ஆவணம் சேர்ந்தது, வேகம் போனது, மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2016 வெள்ளத்துக்குப் பிறகு லூசியானாவே ‘ரெஸ்டோர் லூசியானா’ என்ற புதுத் திட்டத்தில் கள ஆய்வு, வேலை முன்னேற்றத்துக்கு ஏற்ற பட்டுவாடா என்று பழைய ஓட்டைகளை அடைத்தது. அங்கே வேறொரு சிக்கல் கிளம்பியது. சிறுதொழில் முகமையிடம் பேரிடர்க் கடன் வாங்கியவர்களுக்கு, அந்தக் கடனையே கிடைத்த உதவியாகக் கணக்கிட்டு மானியத்தைக் குறைத்தார்கள். வட்டியோடு கட்ட வேண்டிய கடன் எப்படி உதவியாகும் என்று மக்கள் கொதித்தார்கள். 2018 அக்டோபரில் வந்த சட்டத்திருத்தம்தான் அதைத் தளர்த்தியது.

ஒவ்வொரு பேரிடருக்கும் விதி மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மானியத்துக்கு நிரந்தரச் சட்டமே கிடையாது. 2018 ஜூலையில் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிட்ட இன்னோர் அறிக்கை, இந்த வரிசையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஒரு வீட்டையும் ஒரு பயனாளியையும் அது குறிவைக்கவில்லை. 112 நடப்பு மானியங்கள், 4,740 கோடி டாலருக்கும் மேல், அத்தனையும் 60-க்கும் மேற்பட்ட தனித்தனி அரசிதழ் அறிவிப்புகளை வைத்து நடத்தப்படுகின்றன என்று எண்ணிக் காட்டியது. இதை நிலையான விதித்தொகுப்பாக மாற்றுங்கள் என்று பரிந்துரைத்தது. அதற்கான சட்ட அதிகாரம் தனக்கு இல்லை என்று ஹட்டின் மானியப் பிரிவு ஏற்க மறுத்தது. 2025 ஜனவரியில் பல பேரிடர்களுக்கும் பொதுவான ஓர் அறிவிப்பை ஹட் வெளியிட்டது. அதுவும் அறிவிப்புதான், சட்டம் இல்லை. அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம்தான் இயற்ற வேண்டும்.